இருதயப் படத்து பல்பும் உன் மீன்தொட்டியும்

ராயபுரம்
செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகன் நோயலுக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த தோஹா வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் ஜெபம். உன் மீன்களும் பெரும்பாலும் சுகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்கமாட்டாய்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியும். மணி அடித்ததும் அப்பா போனைப் பிடுங்கித் தொட்டிக்கு நேராக நீட்டிவிடுகிறார், அப்புறம் அரைமணி நேரம் ரெண்டு பேரும் புல்லு பூண்டு கதைதான். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தால் உன் நெற்றி மட்டும் தெரிகிறது. கடைசியில் சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, வைக்கிறேம்மா, அவ்வளவுதான். பத்து மாசம் சுமந்தது நானா அந்த கப்பி மீனா என்று கேட்கத் தோன்றுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்வீட்டு ஃப்ரெடி வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அப்பா கண்ணில் படாமல் எழுதவேண்டியிருக்கிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் அந்த லைட்தான். தொட்டிக்குள் நீ நட்டுவைத்த செடிக்கு வெளிச்சம் போதவில்லை, நல்ல லைட்டாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று நீ சொன்னாய், அவர் கேட்டாரா. புல்லு வளர்க்க இம்மாம் துட்டா, ஆர்பர்ல கிரேன் ஓட்னவனுக்கு ஒரு லைட்டு போடத் தெரியாதா என்று சொல்லிவிட்டு மறுநாளே காசிமேட்டுக்குப் போய், மீன் அடைக்கிற தெர்மகோல் பெட்டியின் மூடி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவியும் வாடை போகவில்லை, தெருவில் உள்ள பூனையெல்லாம் நம் வாசலில்தான். அந்த மூடிக்கு உள்பக்கம் சில்வர் பேப்பரை ஒட்டி, ஓட்டை போட்டு மூன்று ஹோல்டர் மாட்டி, பல்புக்கு என் சமையற்கட்டில் கைவைத்தார். அட்டையில் 6500 என்று போட்ட வெள்ளை எல்இடி பல்புதான் செடிக்கு ஆகும் என்று நீ சொன்னாயாம். சமையற்கட்டு, பாத்ரூம், மாடிப்படி மூன்றும் போயிற்று. எனக்குப் பதிலுக்கு ஒரு மஞ்சள் பல்பு, அந்த மங்கலில் கானாங்கத்தை மீனைத் தடவித் தடவி அறுக்கிறேன். மீன்காரி மங்கை பார்த்துவிட்டு, இன்னாக்கா, துன்ற மீனு இருட்ல கீது, பாக்குற மீனுக்குப் பட்டப்பகலாட்டம் லைட்டு எரியுது என்று சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் ஒன்று, லைட் நன்றாகத்தான் வந்தது, அதை மறுக்கமாட்டேன். படுத்துக் கிடந்த செடியெல்லாம் நிமிர்ந்தது. நீயும் பார்த்துவிட்டு சூப்பர்ப்பா என்றாய், அன்றைக்கு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கெட்டது எங்கே என்றால் ஒயரில். தொட்டி இருக்கிற ஷோகேஸ் பக்கம் பிளக் கிடையாது, மேலே மாட்டியிருக்கிற ஆண்டவர் படத்து பல்புக்கு மட்டும்தான் ஒரு ஒயர் போகிறது. இவர் பின்னால் கையை விட்டு அந்த ஒயரையே கீறி, தொட்டி லைட்டை அதோடு முறுக்கிவிட்டார். இப்போது ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச். திரு இருதய ஆண்டவருக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பை நம் வீட்டில் யார் அணைத்திருக்கிறோம்? அதுவும் இது நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்று, நீ திரும்பி வந்து வாசப்படி ஏறுகிறவரைக்கும் அணைக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு நான் போட்டது. கரண்ட் போனால்கூட உடனே மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவேன். அப்பா அப்போதெல்லாம், ஏன், இருட்ல சாமிக்குக் கண்ணு தெரியாதா என்று நக்கல் அடிப்பார். ஆக, ஆண்டவர் பல்பு எரிகிறவரைக்கும் உன் தொட்டியும் ராப்பகலாக எரிந்துகொண்டிருக்கிறது.

எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதீங்கப்பா, பாசி பிடிச்சிடும் என்று நீ வாராவாரம் சொல்கிறாய், இவரும் ஆங் ஆங் என்கிறார். பிடித்துவிட்டதடா, தொட்டி பூராவும் பிடித்துவிட்டது! செடி எது கல் எது என்று தெரியவில்லை, தண்ணீர் கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி நிற்கிறது, மீனும் சிலது செத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குக்கூட வராமல் பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷை வைத்துக் கண்ணாடியில் ஒரு மூலையை மட்டும் தேய்த்து, அந்த மூலையை மட்டும் உனக்குக் காட்டுகிறார். நீயும் இவ்வளவு படித்தவன், வாராவாரம் அதே மூலையைப் பார்த்து அதே சூப்பர்ப்பா. அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என் பிராணனை வாங்குகிறீர்கள்.

போன வாரம் பொறுக்கமுடியாமல் கத்திவிட்டேன், அவனிடம் உள்ளதைச் சொல்லித் தொலையுங்களேன் என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு, தொட்டி பூட்ச்சின்னு தெரிஞ்சா அவன் எங்கூட இன்னாத்தப் பேசுவான் ஆலிஸ் என்றார். தான் துறைமுகத்தில் உனக்காகச் சொல்லிவைத்த வேலையை நீ வேண்டாம் என்று கிளம்பியதிலிருந்து ரெண்டு கிறிஸ்துமஸ் உன்னோடு பேசாத மனுஷன். உன் செடி அழுகுகிறதே என்று பயந்துபோய்த்தான் முதல்முதலாக என் கையிலிருந்து போனை வாங்கினார். அது எனக்கு மறக்குமா. அந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்று எனக்கும்தான் பயம். ஆனாலும் பெற்றவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் பேச இந்தப் புல்லை விட்டால் வேறு ஒன்றுமே இல்லையா என்று எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

நேற்று எலக்ட்ரீஷியன் சாவியோவை நானே கூட்டிவந்தேன். அவன் ஷோகேஸ் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தண்ணி பக்கத்துல இப்டி முறுக்கி வெச்சிகீறியே நைனா, ஷாக்கு அடிச்சிருந்தா இன்னா பண்ணுவ என்று அப்பாவை ஒரு பிடி பிடித்தான். தொட்டி ஒயரைப் பிரித்துத் தனியாக ஒரு சுவிட்ச் போட்டால் தீர்ந்தது, ஆனால் கொஞ்ச நேரம் மெயினை அணைக்கவேண்டும் என்றான். நான்கூட மனதைத் தேற்றிக்கொண்டு சரி என்றுவிட்டேன், ஆண்டவருக்குத் தெரியாதா என்ன. அப்பாதான் ஆண்டவர் பல்பு அணையக் கூடவே கூடாது என்று நின்றார். சாவியோ தலையில் அடித்துக்கொண்டான், கரண்ட்ட வெச்சிகினு நா எப்டி கை வைக்கிறது என்று. கடைசியில் இவரே போய் என் மெழுகுவர்த்தியை எடுத்து ஏற்றி, படத்துக்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாகக் கடல் காற்று, உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டார். இவர் சுற்றின டேப்பைப் பிரிக்கவே சாவியோவுக்கு வெகுநேரம் ஆயிற்று. மெழுகு உருகிக் கட்டைவிரலில் இறங்குகிறது, ஸ்டாண்டில் வையுங்கள், இல்லை என்னிடம் கொடுங்கள் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், நீ மட்டுந்தான் வேண்டிக்கினியா, வுடு என்றார். நான் சமையற்கட்டுக்குப் போய் அழுதேன்.

இப்போது ஆண்டவர் பல்பு தனி, தொட்டி லைட் தனி. பொழுது சாய்ந்ததும் தொட்டியை நானே அணைத்துவிடுகிறேன், அதில் அவர் பேச்சை நம்பமுடியாது. பாசி இறங்க நாளாகும் என்கிறார்கள், பார்ப்போம். நீ ராத்திரியில் பரோட்டா தின்றுவிட்டுப் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை, வெள்ளிக்கிழமை லீவு என்று தூங்கிக் கிடக்காமல் கோவிலுக்குப் போ. கருவாட்டை ரூமில் பொரிக்காதே, கூட இருக்கிறவர்கள் உன்னைத் துரத்திவிடுவார்கள். ஆண்டவரும் மாதாவும் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றி, சீக்கிரம் இந்த வாசப்படிக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை எடுத்த எடுப்பில் செடியைக் கேட்காதே, அவர் வலதுகையைக் காட்டச் சொல். கட்டைவிரலில் கொப்புளம் போட்டிருக்கிறது. தொட்டி பல்பு சுட்டுவிட்டது என்பார். அந்த பல்பு அவ்வளவு சுடாது என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
உன் நெற்றியை மட்டும் பார்க்கிற அம்மா,
ஆலிஸ்