ஒன்பது வாங்கிய அடுப்பு

அக்கா,

இன்று காலை மேல்வீட்டு மருமகள் புது விறகடுப்பு ஒன்றை என் வாசலில் இறக்கி வைத்தாள். "மாமா, இதுல என்னமோ நம்பர் ஒட்டியிருக்குதுங்க. நல்ல அடுப்புதானான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். நம் மலையில், எடப்புளி நாட்டு ஊர்களில் அடுப்பென்றால் என்னைத்தான் கேட்கிறார்கள். குண்டனி நாட்டிலிருந்து ஜீப் வைத்துக்கொண்டும் வருகிறார்கள். சரி, ஒரு தடவை வந்தார்கள். அந்த ஒட்டுத்தாளைப் பார்த்ததும் உன் டீக்கடை நினைவுக்கு வந்துவிட்டது.

நீ இருமத் தொடங்கிய மழைக்காலம். மலைக்குக் கீழேயிருந்து வேலைக்கு வந்திருந்த நர்ஸம்மா, "புகையைக் குறைங்க, இல்லாட்டி கடையைச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டார். "கடையைச் சாத்திப்போட்டு, விடிஞ்சா எதுக்குச் சாமி எந்திரிக்கறது?" என்று என்னிடம் கேட்டாய். நான் அன்றைக்கே மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

கடையில் புகை குறைந்த அடுப்பென்று இரண்டு வைத்திருந்தார்கள். ஒட்டியிருந்த தாளில் எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பிடிபட்டது எண் மட்டும். ஒன்றில் இரண்டு, மற்றதில் ஒன்பது. ஒன்பது மார்க் வாங்கியதை விட்டுவிட்டு இரண்டு மார்க் அடுப்பை எவனாவது வாங்குவானா? கடைக்காரர் வாய் திறக்குமுன் ஒன்பதைத் தூக்கிவிட்டேன். மலைப்பாதையின் எழுபது வளைவையும் தலைச்சுமையாகவே ஏறி வந்தேன் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் வந்தது உனக்குத் தெரியும்.

மறுநாள் நீ தண்ணீருக்குப் போயிருந்தபோது டீ குடிக்க வந்த நர்ஸம்மா தாளைப் படித்தார். "அண்ணா, இது மார்க் இல்லீங்க. நிமிஷத்துக்கு இத்தனை மில்லிகிராம் புகைத்தூள் வெளிய வருதுன்னு அளந்து போட்டது. கம்மியா இருந்தாத்தான் நல்லது. அக்காகிட்டச் சொல்லி மாத்திருங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. முதல் ரேங்க் அடுப்பென்று சந்தை முழுக்கப் பேசியாயிற்றே. "அடுப்பு பழகணுங்க்கா, பழகுனாப் புகை அடங்கிரும்" என்று பன்னிரண்டு நாள் ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள், கையில் டீ கிளாசோடு மூச்சு வாங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துல நீ வாங்காத மார்க்கையெல்லாம் அடுப்புக்குப் போட்டுட்டியா?" என்று இருமலுக்கு நடுவில் சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை. "தெரியாம வாங்குனது போகட்டும் சாமி. தெரிஞ்சும் என்னை ஊத வெச்சியே."

அன்றே மலையிறங்கி, ஒன்பதைக் கொடுத்துவிட்டு இரண்டை வாங்கி வந்தேன். அதுவும் புகைந்தது! நர்ஸம்மாவைக் கேட்டால், உலர்ந்த விறகை மெலிதாய்ப் பிளந்து எரித்துத்தான் அளப்பார்களாம்; நாம் ஈரச் சவுக்குக் கட்டையை முழுசாய்த் திணித்துக்கொண்டிருந்தோம். "நம்பர் அடுப்புக்குத்தானே போட்டிருக்கான், நம்ம ஈர வெறகுக்கா போட்டான்?" என்றாய். அதன்பின் இரண்டு விரல் கனத்துக்குப் பிளந்து கூரைக்கடியில் அடுக்கிக் காயவைப்பது என் வேலையானது. இருமல் குறைந்தது, முழுதாய் விடவில்லை. போன தையில் நீ கண்மூடிய வாரம் வரைக்கும் கடை திறந்திருந்தது.

இன்றைய தாளில் மூன்று என்று இருந்தது; குறையக் குறைய நல்லது என்று விளக்கினேன். "எங்க மாமியார்கிட்ட ஒண்ணுன்னு சொல்லீருங்க மாமா, சந்தோசப்படுவாங்க" என்றாள் அந்தப் பெண். "மூணுன்னா மூணுதான் கண்ணு. மொதல்ல உன் வெறகைக் கொண்டாந்து காட்டு" என்றேன்.

உன் டீயைக் குடிக்கக் கலெக்டரே மலையேறி வந்தார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்; கேட்டால் திட்டுவாய். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளைப் பதினொன்று என்றுகூட யாரிடமும் சொன்னதில்லை.