முதுகு தூக்கும் குழாய்

நம் கடலில் அந்த எண்ணெய்க் குழாயை வெறுங்குழாயாகவே புதைத்துவிட்டார்கள், பாய். உள்ளே தண்ணீர் ஏற்றி, அழுத்தம் கொடுத்து, நீளும் மட்டும் நீளவிட்டு, அந்த நிலையிலேயே மூட வேண்டும் என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வடிவமைப்பாளரே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்: முன்னாலேயே நீண்டுவிட்ட குழாய் பிறகு சூட்டில் நீளாது. புதைக்க வந்தவர்கள், மழைக்காலம் நெருங்குகிறது என்று அந்த வேலையை விட்டுவிட்டார்கள். யார் மறுத்தாலும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இன்று காலை என் மகன் கிழிந்த வலையைக் கொண்டுவந்து பூம்புகார் கரையில் போட்டான். அதில் கையகல மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு சிக்கியிருந்தது. "என்னமோ குப்பைப்பா" என்றான். நான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளைகுடாவில் நீங்களும் நானும் பார்ஜ் கப்பலில் நின்று கடலுக்குள் இறக்கினோமே, வளைந்து கொடுக்கும் குழாய், அந்த வகைக் குழாயின் மேல்தோல் அது. மண்ணுக்கடியில் கிடக்க வேண்டியது வலையில் எப்படி வரும்?

அதிராம்பட்டினத்தில் உங்களை அடக்கம் செய்த பிறகு இதைப் பேச எனக்கு ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வளைகுடாவில் குழாயைப் பார்க்க நீங்கள் முக்குளித்து மேலே வந்த அந்த மத்தியானம் ஞாபகம் இருக்கிறது. முகம் வெளுத்திருந்தது. "என்ன பாய், பேயைப் பாத்தீங்களா?" என்று கேலி செய்தேன். "பேயா இருந்தா ஓதி ஊதியிருப்பேன் மாப்ள. இது இரும்பு" என்றீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தையும் சொன்னீர்கள்.

"உள்ள சூடா எண்ணெய் ஓடுனா குழாய் நீளப் பாக்குது. ரெண்டு பக்கமும் மண்ணு புடிச்சிருக்கு, எங்க போகும்? மேடான எடத்துல முதுகு தூக்குது. தூக்குனதும் அடியில மண்ணு ஓடிப்போயி உக்காந்துக்குது. ஆறுனா எறங்க எடமில்ல. அடுத்த தரம் சூடானா இன்னும் மேல வரும்."

அந்தக் கம்பெனி உங்கள் பேச்சைக் கேட்டது. ஓட்டத்தை நிறுத்தி, அந்த இடத்தில் கல்லைக் கொட்டி அமுக்கினார்கள். அன்று முதல் நான் விடவில்லை. எட்டாவதோடு நின்றவன், கிடைத்த வரைபடத்தை எல்லாம் விரித்துவைத்துப் பார்ஜில் எல்லாரையும் கேட்டுக் கேட்டுப் படித்தேன்.

இங்கே கடலடி இன்னும் மோசம். காவிரி கொண்டுவந்து சேர்த்த சேறு, நடவுக்கு உழுத வயல்போலக் குழைந்து கிடக்கிறது. கிளறிப் போட்ட சேறு குழாயை எப்படி அமுக்கும்? புதைத்த நாட்களில் மகனின் படகிலேயே போய்ப் பார்த்தேன். அழுத்தம் ஏற்றும் பம்பு வரவே இல்லை. கேட்டதற்குக் கம்பெனி அதிகாரி சிரித்தார்: "பெரியவரே, குழாய் நல்லாப் படுத்திருக்கு. நீங்களும் வீட்ல போய்ப் படுங்க." எண்ணெய் ஓடத் தொடங்கி, நான் மனு கொடுத்த பிறகு, குழாய் எழும்பியிருக்கிறதா என்று அளந்தார்கள். எண்ணெய் ஓட்டத்தை நிறுத்தி, குழாய் ஆறிக் கிடந்தபோது அளந்தார்கள்! சூட்டில்தானே அது முழு உயரத்துக்கு எழும்பும்?

இப்போது மேல்தோல் கிழிந்துவிட்டது. உப்புத் தண்ணீர் உள்ளே போய், குழாயைத் தாங்கும் இரும்புக் கம்பிச் சுற்றை அரிக்கத் தொடங்கியிருக்கும். எழும்பி நிற்கும் குழாயை அண்டி மீனும் இறாலும் கூடும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மகனிடம் அங்கே போகாதே என்றேன்.

"அங்கதாம்ப்பா இறால் விழுது. எல்லாப் படகும் அங்கதான் நிக்குது."

"குழாய் வெடிச்சா?"

"உங்களுக்கு எப்பவும் குழாய்தான். நான் வலையப் பின்னிக்கிட்டு வீட்லயே உக்காந்திருக்கவா?"

எனக்குப் பயமாக இருக்கிறது, பாய். அன்று உங்கள் முகத்தில் பார்த்த அதே பயம்தான். அதைக் கேலி செய்ய எனக்கு இப்போது வாய் வரவில்லை.

இங்கே குழாய் போட்ட கம்பெனி எண்ணெய் ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். ஆளை இறக்கிக் கிழிந்த இடத்தைப் பார்த்து, கெட்ட பகுதியை மாற்றி, மேலே கல்லைக் கொட்ட வேண்டும். மறுபடி ஓட்டும்போது, குழாய் சூடாக இருக்கையில் அளக்க வேண்டும். அப்போது எங்கள் ஊர் ஆள் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மீன்வளத் துறை அந்த இடத்தைச் சுற்றி மிதவை கட்ட வேண்டும். அதுவரை யாரும் அங்கே வலை இறக்கக் கூடாதென்று ஊர்ப் பஞ்சாயத்தார் தண்டோரா போட வேண்டும். இவர்கள் எல்லாம் அசையும் வரை, தினமும் விடியலில் என் மகனுக்கு முன்னால் படகில் ஏறி, அவன் அந்தப் பக்கம் திருப்பாதபடி உட்கார்ந்துகொள்ள வேண்டியது நான்.