ஒரு தடவை மட்டும் கேட்கிறவளுக்கு

இன்று காலை சபை மண்டபத்து அறையைத் திறந்து மெயின் சுவிட்சை மேலே தள்ளினேன். அடைமழை விட்ட பிறகு முதல் தடவையாகக் கணினிகள் சூடாகும்போது ஒரு மணம் வருமே, ஈரத் தூசி கருகுகிற மணம், அது அறை முழுக்கப் பரவியது. உனக்குப் பிடித்த மணம். "பேக்கரி மணம் மாதிரி இரிக்கிகா" என்று மூக்கை உறிஞ்சுவாய். எந்தப் பேக்கரியில் தூசியைப் போட்டுச் சுடுகிறார்கள் என்று நான் கேட்பேன். அன்றைய சண்டை அதிலேயே தொடங்கிவிடும்.

சண்டை பிடிக்க ஆளில்லாமல் எனக்கு வாய் புளித்துப் போயிருக்கிறது. நீ கண்ணை மூடின அன்றே ஊரில் எல்லோருக்கும் நீ தெய்வப் பிறவி ஆகிவிட்டாய். உன்னை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர்களே இப்போது உன் பெயரைச் சொல்லிக் கண் கலங்குகிறார்கள். உன்னில் ஒரு பிழை இருந்தது என்று சொல்ல இந்தப் பெரியகல்லாற்றில் ஒரு சீவன் இல்லை. சரி, நான் சொல்கிறேன். நல்லாக் கேள்.

டவுனில் மரப்பட்டறை வைத்திருந்த பறங்கி வீட்டுப் பிள்ளை நீ. மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை நான். தட்டச்சு வகுப்பில் பக்கத்து மேசைகளில் இருந்து ஆளுக்கு ஆள் பிழை பிடித்துத்தான் சிநேகிதமானோம். பிறகு எத்தனையோ வருசம் கழித்து, ஏதோ ஒரு கம்பனி பழைய கணினிகளைக் கழிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு, லொறி பிடித்து அள்ளிக்கொண்டு எங்கள் சபை மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கினாய். "எல்லாத்துக்கும் லினக்ஸ்தான் போடுவன். களவு சொஃப்ட்வெயார் போடமாட்டன், கர்த்தர் பாத்துக்கொண்டிரிக்கிற இடம்" என்றாய். கத்தோலிக்கக்காரிக்கு எங்கள் கர்த்தரில் அவ்வளவு அக்கறை என்னத்துக்கு என்று சபைச் செயலாளர் ஐயா அப்போதே முணுமுணுத்தார்.

பள்ளிக்கூடம் இடையில் நின்ற பெண்கள் வந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறினவள் மின்னஞ்சல் அனுப்பினாள். ரஞ்சியை நினைவிருக்கும் உனக்கு. எங்கள் கடற்கரை ஒழுங்கையில் இருக்கிறவள், புருசன் விட்டுவிட்டுப் போனவள். கல்குடாவில் உள்ள ஒரு ஹோட்டலுக்கு வருகிற அறைப் பதிவுகளை எல்லாம் இங்கே இருந்தே பார்த்துப் பதில் எழுதுகிற வேலையை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது நீதான். இரண்டு பிள்ளைகளின் சோறு அந்த மேசையில் இருந்துதான் போகிறது.

உன் செத்தவீடு முடிந்து சில நாளில் கணினிகளுக்கு ஒரு நோய் வருத்தம் பிடித்தது. காலையில் மெயினைப் போட்டதும் எல்லாம் ஒழுங்காக எழும்பும். திரை வரும், ரஞ்சியின் பிள்ளைகள் படமும் வரும். இணையம் மட்டும் வராது. கேபிளைப் பிடுங்கி மறுபடி குத்தினால் உடனே வந்துவிடும். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி.

ஊர் சொன்ன காரணத்தைக் கேட்டால் நீ சவப்பெட்டிக்குள் இருந்து எழும்பி வந்திருப்பாய். "கொம்பியூட்டரும் துக்கம் காக்குது" என்றார்கள். சீரியசாகத்தான் சொன்னார்கள்! ஒருத்தி உன் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு வந்து கேபிளைக் குத்தினாள். அன்றைக்கு இணையம் வந்துவிட்டது, இனிக் கேட்கவா வேண்டும். வயர் ஏன் அழவேண்டும் என்று நான் கேட்டதற்கு, எனக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று பெயர் வந்தது.

செயலாளர் ஐயா துக்கத்தை நம்பவில்லை. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், உப்புக்காற்று. சைக்கிள் செயின் கறள் பிடித்தாலும் உப்புக்காற்று, மருமகன் கோபித்துக்கொண்டு போனாலும் உப்புக்காற்றுத்தான். "இஞ்ச ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. இந்த வயர் எல்லாம் நிண்டு பிடிக்க ஏலா புள்ள" என்றார். நானும் அதை நம்பித்தான் கேபிள்களை மாற்றினேன். கேபிள் குத்துகிற வாய்களைப் பஞ்சால் துடைத்தேன். பிடுங்கிக் குத்தி, பிடுங்கிக் குத்தி, பாதிக் கேபிள்களின் நுனியில் பிடித்து நிற்கிற கொளுக்கி உடைந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் காலை எனக்குக் காய்ச்சல். நான் வரவில்லை. ரஞ்சி வந்து கேபிளைக் குத்தியிருக்கிறாள், உடைந்த கொளுக்கி நிற்கவில்லை. வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று அறை கேட்டு எழுதிய மின்னஞ்சல் பதில் இல்லாமல் கிடந்தது, அந்தக் கூட்டம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஹோட்டல் முகாமையாளர் ரஞ்சிக்குக் கோல் எடுத்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அவள் மண்டபப் படியில் குந்தியிருந்து அழுதாள். அந்த அழுகையைப் பார்த்த செயலாளர் ஐயாவுக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய சபைக் குழு கூடும். மெயினைப் போட்ட உடன ஒருத்தரும் கை வைக்காம எல்லாம் வேல செய்ய வேணும். இல்லாட்டி அந்தச் சாமானை இரும்புக்காரனுக்குக் குடுப்பம். அறையைக் கலியாணச் சாமான் வைக்க எடுப்பம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அவவுக்குத்தான் புள்ள அது விளங்கும். அவ போனதோட அதுவும் போகட்டுமே" என்றார்.

அவவோடு போகட்டுமாம்! உன்னைப் புதைத்தது காணாது, உன் வேலையையும் சேர்த்துப் புதைக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "போகாது ஐயா" என்றேன். எப்படிப் போகாமல் பண்ணுவது என்று அந்த நேரம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

சனிக்கிழமை சமையலைக் கூட முடிக்காமல் வந்து கணினிக்கு முன்னால் இருந்தேன். நான் கேபிளில் கை வைக்கப் போனால் நீ புறங்கையில் தட்டுவாய். "வயரை இழுக்கிறதுக்கு முதல் மெசின் என்ன சொல்லுதெண்டு கேளுகா" என்பாய். கேட்டேன். எழும்பும்போது என்ன செய்தது என்று லினக்ஸ் தன் பாட்டில் எழுதி வைக்கிறதே, அதைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். வயர் நல்லாயிருக்கிறது என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்புக்காற்றும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்குக் கீழே, ரவுட்டரிடம் முகவரி கேட்டேன், பதில் இல்லை, விட்டுவிட்டேன் என்று இருந்தது. ஒவ்வொரு கணினியிலும் அதே கதை. முகவரி கிடைத்தால்தான் இணையம். கிடைக்கவில்லை, விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

ரவுட்டர் ஏன் பதில் சொல்லவில்லை? நம் மெயின் பழக்கம் ஞாபகம் வந்தது. ஒரு ஐப்பசியில் மின்னல் விழுந்து ரவுட்டரும் கணினிகளும் கருகின பிறகு நீ போட்ட சட்டம் அது: கடைசியாகப் போகிறவள் மெயினை இறக்க வேண்டும், முதலில் வருகிறவள் ஏற்ற வேண்டும், மின்சாரம் வந்ததும் எல்லாம் தானாக எழும்ப வேண்டும். அப்படியென்றால் ரவுட்டரும் கணினிகளும் ஒரே நேரத்தில் தூக்கம் கலைகின்றன. நான் கணினிகளின் மின்சார வயரைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டு மெயினைப் போட்டேன். ரவுட்டர் தன் விளக்குகளை எல்லாம் கொளுத்தி முடிக்கும் வரை தேத்தண்ணி குடித்தேன். பிறகு கணினிகளுக்கு மின்சாரம் கொடுத்தேன். அத்தனையும் இணையத்தோடு எழும்பின. மெயினை இறக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

விளங்கியதா? ரவுட்டர் கண் விழிக்க முதலே கணினி போய்க் கதவைத் தட்டுகிறது. ஒருவரும் திறக்கவில்லை என்று திரும்பி வந்துவிடுகிறது. கேபிளைப் பிடுங்கிக் குத்தும்போது மறுபடி தட்டுகிறது, அதற்குள் ரவுட்டர் எழும்பிவிட்டது. முன்பு இந்தப் பிரச்சினை இல்லாததற்குக் காரணம் நம் பழைய டிஸ்க்குகள் ஆமை வேகத்தில் எழும்பினதுதான். புதிய வேகமான டிஸ்க்குகளுக்குச் சொல்லி வைத்தவள் நீ. அவை வந்தபோது நீ இல்லை. செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை அழுதழுது, பழையதில் இருந்ததை அப்படியே நகல் எடுத்து, அவற்றை நான்தான் கணினிகளில் பூட்டினேன். ஊர் சாவில் இருந்து நாளை எண்ணியது, டிஸ்க்கில் இருந்து எண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சரி, டிஸ்க் வேகமாக இருக்கட்டும். ஒரு தடவை கிடைக்காவிட்டால் இன்னொரு தடவை கேட்டால் என்ன குறைந்தா போகும்? ஏன் விட்டுவிடுகிறது? அதைத் தேடிப் போனால் ஓர் அமைப்புக் கோப்பில் நீ உன் கையால் எழுதிய வரி நிற்கிறது. கொஞ்ச நேரம் கேள், கிடைக்காவிட்டால் விடு, திரும்பக் கேட்காதே.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. இணைய லைன் அறுந்த காலத்தில் முகவரிக்குக் காத்துக் காத்தே கணினிகள் கறுப்புத் திரையோடு நின்றன. வந்த பெண்கள் அலுத்து வீட்டுக்குப் போனார்கள். அதனால்தான் அந்த வரியைப் போட்டாய். "ஒருக்காக் கேக்கட்டும். குடுத்தாக் குடுக்கட்டும், இல்லாட்டி தன்ர வேலையைப் பாக்கட்டும். கெஞ்சிக்கொண்டு நிக்க ஏலா" என்று சொல்லிக்கொண்டே தட்டினாய். அன்றைக்கு அது சரி.

ஆனால் அந்த வரியைத் திரும்பவும் ஒரு தடவை வாசித்தேன். இது கணினியின் வரி இல்லை, நீதான். உன் அப்பாவிடம் படிப்புக்கு ஒரு தடவை கேட்டாய், அவர் மௌனமாக இருந்தார், விட்டாய். விரும்பினவனிடமும் ஒரே தடவைதான். பிறகு ஆஸ்பத்திரி. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, பிறகு வாருங்கள் என்று சொன்னார்களாம். நீ போகவில்லை. நான் கேட்டதற்கு, "கேட்டன், வரல்ல எண்டாங்க. வந்தாச் சொல்லுவாங்கதானேகா, அவங்கட கால்ல போய் விழவா?" என்றாய். பிறகு நீயாகப் போகவே இல்லை. வலி உன்னை இழுத்துக்கொண்டு போனபோது அந்த ரிப்போர்ட் அங்கே வந்து எத்தனையோ காலம்.

அடியே, இரண்டாம் தடவை கேட்பது கெஞ்சுவது இல்லையடி! யார் சொன்னார்கள் உனக்கு அது மானக்கேடு என்று? திரையைப் பார்த்துச் சத்தம் போட்டுத்தான் கேட்டேன். வெளியே முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உன்மீது இவ்வளவு கோபம் எனக்குள் இருந்தது அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. அழுதேன்தான், ஆனால் அது துக்க அழுகை இல்லை.

நீ எழுதினதில் ஓர் எழுத்தைக்கூட அதுவரை நான் தொட்டதில்லை. உன் கை பட்டது அப்படியே கிடக்கட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அந்த வரியை அழித்தேன். கிடைக்கும் வரை விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இரு என்று எழுதினேன். உன் நியாயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. திரையை மறித்துக்கொண்டு நிற்காமல், ஆட்கள் தங்கள் வேலையைத் தொடங்க, பின்னால் இருந்து கேட்கும்படி அமைத்தேன். ஒவ்வொரு கணினியிலும் போய் மாற்றினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து குழு வந்தது. ரஞ்சி சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். மெயினை நீங்களே போடுங்கள் என்று செயலாளர் ஐயாவிடம் சொன்னேன். போட்டார். திரைகள் வந்தன. இணையம் இல்லை. "பாத்தீங்களா, உப்புக்காத்து" என்று திரும்பினார் மனுசன். "கொஞ்சம் பொறுங்க ஐயா, கேட்டுக்கொண்டிரிக்கி" என்றேன். ரவுட்டரின் கடைசி விளக்கும் எரிந்தது. சற்று நேரத்தில் ரஞ்சியின் திரையில் கல்குடா ஹோட்டலின் பதிவுகள் வரிசையாக வந்து விழுந்தன. அவள் ஓடிப்போய்க் கதிரையில் இருந்து பதில் எழுதத் தொடங்கிவிட்டாள், எங்கள் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன புள்ள செய்த நீ?" என்றார் ஐயா.

"அவ எழுதினதை மாத்தினன்."

ஐயா கிட்ட வந்தார். "அவ எழுதினதையா? செத்தவடயா?"

"ஓம் ஐயா. அவ விட்ட பிழை அது."

ஒருத்தி வாயில் கை வைத்தாள். தேவனுடைய வீட்டில் செத்தவளுக்குப் பிழை சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. உன்னைப் புகழ்ந்து புகழ்ந்து அவர்கள் பெட்டியை மூடிவிட்டார்கள், உன்னோடு சண்டை பிடிக்கிற ஒருத்தியிடம்தான் நீ இன்னும் ஆளாக இருக்கிறாய். அந்தச் சண்டையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அறை இப்போதைக்குத் தப்பியது. இப்போதைக்கு என்று குழு சொன்ன சொல் எனக்குக் காணாது. இந்த அறை கணினிகளுக்குத்தான், இனி யாரும் கேட்டு வரக்கூடாது என்று குழு ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும் என்று நேற்றுச் செயலாளர் ஐயா வீட்டுக்கே போய்க் கேட்டேன். "பாப்பம் புள்ள" என்றார், உள்ளே போய்விட்டார்.

நீயாக இருந்தால் அவர் வாசல் படலையைச் சாத்திவிட்டு வந்திருப்பாய், அந்தப் பக்கமே பிறகு பார்த்திருக்கமாட்டாய். நான் இன்றைக்குப் பின்னேரமும் போகிறேன்.