பதினான்காம் சென்சார்

இராயபுரம்
1 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி சுகிர்தத்துக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். மூன்று வருஷமாக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால் பேனாவை எடுத்தேன். பெரியப்பா மகன் என்றும் பாராமல் இவ்வளவு கோபமா?

உன் செல்லம் ஜெரின் விமானம் ஓட்டப் படிக்கிறாள். பத்தாம் தேதி முதன்முறையாக வாத்தியார் இல்லாமல் தனியாகப் பறக்கப் போகிறாள். அவள் ஓட்டும் விமானத்தோடு எடுத்த போட்டோ வைத்திருக்கிறேன், பார். பதினாறாம் தேதி ஞாயிறு வீட்டில் ஸ்தோத்திர ஜெபமும் பிரியாணியும். அத்தை வந்தே தீரணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

பழசை விடு. பதினான்காம் சென்சார் காட்டியது உன் ஒட்டலின் கோளாறு என்று நான் ரிப்போர்ட் எழுதியது உண்மை. முதலாளி அவசரப்படுத்தினார், எழுதினேன். அந்த விமானமே பழைய இரும்புக்குப் போய்விட்டது. செத்த பாம்பை ஏன் அடிக்கணும்?

பாசமுள்ள அண்ணன்,
டென்னிஸ்


தண்டையார்பேட்டை
4 மார்ச் 2025

டென்னிஸ் அண்ணனுக்கு,

முன்னால் 'அன்பு' போட்டுப் பார்த்தேன். கை வரவில்லை.

திருவொற்றியூர் ஷெட்டில் அந்த இறக்கையின் அடிக்கட்டையில் இருபது சென்சார் ஒட்டினேன். ஒவ்வொரு தடவை பறந்து இறங்கும்போதும் உலோகம் எவ்வளவு இழுபடுகிறது என்று அவை சொல்லும். பத்தொன்பது ஒரே அளவில் நின்றன. பதினான்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது. உள்ளே விரிசல் விடுகிறது என்று தலையால் அடித்துக்கொண்டேன். "சுகிர்தத்தின் அலட்சியமான கை" என்று எழுதினாய். அந்த மூன்று வார்த்தையைக் காட்டித்தான் எல்லாக் கம்பெனியும் கதவைச் சாத்தியது. இன்றைக்கு மணலியில் லாரி எடை போடும் மேடைக்குச் சென்சார் ஒட்டுகிறேன். உன் புண்ணியம்.

போட்டோவைப் பார்த்தேன். இறக்கைக்கு அடியில், நான் வயர் இழுத்த வழியை மூடிய சின்னத் தகடு. அஞ்சு ரிவெட், அதில் ஒன்று கோணல். ரிவெட் அடித்த சௌக்கத் பாயிடம் காட்டினேன். "இன்னாமா கேக்குற, நான் அட்ச்ச கோணலு எனக்குத் தெரியாதா? நம்ம ரெக்கைதான் இது. பெயிண்ட் அட்ச்சு வித்துக்கீறானுங்க!" என்றார். பழைய இரும்பாம்! விசாரித்தாயா அண்ணா? மகளை ஏற்றுமுன் ஒரு தடவை குனிந்து பார்த்தாயா?

ஜெரினுக்குப் போன் செய்துவிட்டேன். காய்ச்சல் என்று லீவு போடு, காரணத்தை உங்கப்பா சொல்வார் என்றேன். மற்ற பிள்ளைகளும் அதில்தான் ஏறுகிறார்கள். நான் போய்ச் சொன்னால் வேலை போன ஆத்திரம் என்பார்கள். நீ சொல்லணும். "சுகிர்தம் ஒட்டியது சரி, நான் எழுதியது பொய்" என்று அந்த விமானப் பள்ளிக்கு உன் கையால் எழுது. ஒரு நகல் எனக்கு வரணும். நாளைக் காலை முதல் விமானம் கிளம்புவதற்குள் எழுதாவிட்டால், பழைய அளவுகளோடு அவர்கள் வாசலில் நான் நிற்பேன். பக்கத்தில் ஜெரினும் நிற்பாள்.

கடிதம் கொண்டுவரும் பாய்க்கு டீ கொடுத்து அனுப்பு. உன்னைப் போல் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

சுகிர்தம்


இராயபுரம்
20 மார்ச் 2025

சுகிர்தம்,

நீ சொன்னபடி அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். நகல் வந்திருக்கும். இறக்கையைப் பிரித்தார்கள். பதினான்கு இருந்த இடத்தில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். சென்சாருக்குப் பக்கத்தில் ஒட்டிய ஆளின் பெயரை எழுதும் நம் ஷெட் வழக்கம் உனக்குத் தெரியுமே, நீ மார்க்கரில் எழுதிய 'சு' அழியாமல் இருந்தது. விரிசல் அதற்கு ஒட்டினாற்போல் ஓடுகிறது. நானே விரலை வைத்து அளந்தேன்.

எனக்கு வேலை போயிற்று. ஜெபமும் நடக்கவில்லை. "அத்தைமேல பழியப் போட்டுட்டு, கோயில்ல எப்படிப்பா பாட்டு பாடுனீங்க?" என்று கேட்டுவிட்டு ஜெரின் ஹாஸ்டலுக்குப் போனாள். போன் எடுப்பதில்லை.

இப்போது உன் வயிற்றெரிச்சல் தீர்ந்ததா? மன்னித்தேன் என்று ஒரே ஒரு வரி எழுது. அதை அவளிடம் காட்டினால் வீட்டுக்கு வருவாள்.

டென்னிஸ்


தண்டையார்பேட்டை
24 மார்ச் 2025

அண்ணனுக்கு,

தீரவில்லை. விரிசல் என்று கேட்டதும் முதலில் சந்தோஷப்பட்டேன், பிறகுதான் பிள்ளையை நினைத்து அழுதேன். அந்த வரிசையைக்கூட மறைக்க மாட்டேன். அப்படி ஒருத்தியாக என்னை ஆக்கியது நீ.

நேற்று ஜெரின் வந்தாள். நெத்திலிக் குழம்பு வைத்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சென்சார் எப்படி ஒட்டுவது என்று கேட்டாள். உலோகத்தைத் தேய்த்து, துடைத்து, பசை காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். நல்ல கை அவளுக்கு. உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நீ கேட்ட ஒரு வரியை எழுத மாட்டேன். அந்தப் பள்ளிக்கு நீ எழுதிய வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எடை மேடை அறையில் எல்லா லாரிக்காரனும் படிக்கிற உயரத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஆணி அடித்தது ஜெரின்.

சுகிர்தம்