காற்றோரத்துக்கு நாலு தையல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் பதில் இல்லை. அதனால் இந்த முறை கேட்கப்போவதில்லை. நலமாய் இரு என்று உத்தரவே போடுகிறேன். என் சொல்லைக் கேட்டுப் பழக்கமில்லாதவன்தான் நீ. பட்டாளத்தில் கீழ்ப்படியக் கற்றுக்கொடுத்திருப்பார்களே.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறாள். அவர் இப்போதெல்லாம் எதிர்ப்பக்கமாகச் சைக்கிளை ஓட்டிப் போகிறார். பாவம், அவரும் எத்தனை நாள்தான் இல்லை என்று தலையை ஆட்டுவார்!

எங்கள் கொடிக் கம்பெனியில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கொடித்துணி கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறது. பார்த்தால் மெல்லிசு, ஆனால் மழை காற்று எல்லாம் தாங்கும். கம்பத்துப் பக்கம் கயிறு நுழைய ஒரு மடிப்பு வைப்போம். காற்றில் அடிபடுகிற ஓரத்துக்கு நாலு தையல் போடுவோம். அதுதான் முதலில் நைந்துபோகும்.

போன வாரம் வந்த ஆர்டர் வேறு மாதிரி. எல்லாம் ஒரே அளவு, ஒரு கட்டிலை மூடுகிற அளவு. கயிற்று மடிப்பு வேண்டாம், காற்றோரத்துக்கு ஒரே தையல் போதும் என்றார் முதலாளி. ஏன் என்று வெட்டுகிற மாஸ்டரைக் கேட்டேன். அது காத்துல ஆடுற கொடி இல்லம்மா, மேல போர்த்துறதுக்கு என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அம்மாவிடம் சொல்லவில்லை. பெரிய கொடி என்றால் வெற்றி ஊர்வலத்துக்குத்தான் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள். வெட்டுத்துண்டுகளை வாங்கிவரச் சொல்லி, முக்கோணமாக நறுக்கி, நீ வரும்போது வாசலில் கட்டத் தோரணம் தைக்கிறாள். கண் சரியில்லையா, எல்லாம் கோணல்மாணல். நீ சிரிக்கக் கூடாது.

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். என் மெஷினுக்கு வந்த எல்லாக் கொடிக்கும் கயிற்று மடிப்பு வைத்து, காற்றோரத்துக்கு நாலு தையல் போட்டுவிட்டேன். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். நூல் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்றார். திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் பிரித்துத் தராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மூட்டை இங்கே வீட்டில்தான் இருக்கிறது. உன் கடிதம் வந்துவிட்டால் பிரித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். நினைத்ததும் எனக்கே கூசியது. உனக்கு இல்லையென்றால் அது வேறொருத்தியின் தம்பிக்குத்தானே? ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறதடா.

தோரணம் தயாராகிவிட்டது. அதைக் கட்ட உனக்கு ஸ்டூல்கூட வேண்டாம், நிலையில் தலையை இடித்துக்கொள்கிற உயரம் நீ. வந்து உன் கையாலேயே கட்டு. வண்டி வைத்து உன்னை யாரும் கொண்டுவந்து விட வேண்டாம். தெருமுனையிலிருந்து உன் காலால் நடந்து வா.

நூறு வயது இரு.

உன் அக்கா