வாரத்துக்குப் போன கோழிகள்

அபிஷேகப்பாக்கம்
2.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ காவல் நிற்கும் மலையில் போன் எடுக்காததால், இங்கே நடப்பதையெல்லாம் நடந்தபடியே எழுதுவேன். உனக்குப் பிடிக்காததையும் மறைக்க மாட்டேன்.

முதலில் பிடிக்காதது. லீவில் எல்லாம் அலைந்து நீ சேர்த்த சிறுவிடை நாட்டுக் கோழிகளில் இரண்டை வாரத்துக்கு விட்டுவிட்டேன். சாம்பல் கோழி காசம்மாள் அத்தை வீட்டில், புள்ளிக்கோழி ஸ்டெல்லா அக்கா வீட்டில். வழக்கப்படி கோழி நம்முடையது, பொரிக்கும் குஞ்சில் பாதி அவர்களுக்கு. அடைக்கு வந்த கோழிகளை நம் கூட்டில் இட்ட முட்டைகளோடுதான் கொடுத்தேன். எங்கு பார்த்தாலும் பண்ணைக் குஞ்சாகிவிட்டது. நாலு வீட்டில் இருந்தால்தான் நம் இனம் நிலைக்கும் என்று தோன்றியது.

"ஏண்டி, ஒங்கண்ணன் துப்பாக்கியோட வந்து நிப்பானா?" என்றார் அத்தை. அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அன்புத் தங்கை,
புவனேஸ்வரி

10.2.2025

பாப்பா,

உன் கடிதத்தைப் படித்ததும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். குஞ்சு பெரிதானதும் தெருவில் பண்ணைச் சேவலோடு சேரும். அப்புறம் எது சிறுவிடை, எது கலப்பு என்று யார் சொல்வது? இரண்டையும் உடனே வீட்டுக்குக் கொண்டு வா.

நம் சேவலுக்கும் வயதாகிவிட்டது. சந்தையில் நல்ல சிறுவிடைச் சேவலாகப் பிடித்து வரும்படி என் நண்பன் கலைவேந்தனுக்கும் எழுதியிருக்கிறேன். வந்த அன்றே கூட்டில் விடு. தனியாகக் கட்டினால் தீனி எடுக்காது.

அண்ணன்,
அரிகரன்

28.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை உட்கார்ந்து படி.

சேவல் வந்தது. "பாத்தியா, இன்னா நடை!" என்று கலைவேந்தன் அண்ணன் பெருமையாக இறக்கினார். நீ சொன்னபடி அன்றே கூட்டில் விட்டோம். சில நாளில் அதற்குத் தலை தொங்கியது. பிறகு மற்றவற்றுக்கும். சந்தைச் சேவலோடு வந்த வெள்ளைக்கழிச்சல் நோய் என்றார் கால்நடை டாக்டர். கூட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அம்மா அன்று சாப்பிடவே இல்லை.

வாரக் கோழிகளை நான் கொண்டுவரவில்லை. உன் கடிதத்தோடு அத்தை வீட்டு வாசல்வரை போனேன். "அடையில இருக்கறத எழுப்பினா முட்ட கூழாப் பூடும்டி. ஒங்கண்ணன் எழுதிட்டானா? கோழிக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார். திரும்பிவிட்டேன்.

இப்போது இரண்டு வீட்டிலும் குஞ்சு பொரித்திருக்கிறது. என் செருப்பில் நோய் ஒட்டியிருக்குமோ என்று பக்கத்தில்கூடப் போவதில்லை. டாக்டர் போய் மூக்கில் தடுப்புச் சொட்டு மருந்து விட்டார்.

புவனேஸ்வரி

9.3.2025

பாப்பா,

கலைவேந்தனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அன்றே விடச் சொன்னது நான். பனியில் காவல் நிற்கும்போது அந்தக் கூடுதான் கண்முன்னால் வருகிறது. குஞ்சுகளை எல்லாம் கேட்டு வாங்கி நம் வீட்டிலேயே வைத்துக்கொள்.

அரிகரன்

6.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உன் கடிதம் வந்த வாரமே காசம்மாள் அத்தை தானாகக் குஞ்சுகளைக் கூடை நிறையக் கொண்டுவந்தார். "ஒங்க கூடு காலியாக் கெடக்குதே. எங்க பங்கையும் வெச்சிக்கடி" என்றார். நான் பாதியைத்தான் எடுத்தேன். ஸ்டெல்லா அக்காவிடமும் அப்படியே. இந்த முறையும் உன் பேச்சைக் கேட்கவில்லை. எல்லாம் ஒரே கூட்டில் இருந்ததால்தானே அண்ணா எல்லாம் போயின? கலப்புக்கு நீ பயப்பட வேண்டாம். ஸ்டெல்லா அக்கா தன் வீட்டுப் பண்ணைச் சேவலைக் குழம்பு வைத்துவிட்டார்.

நேற்று பாகூரிலிருந்து ஒருவர் வந்து அத்தையிடம் விலைக்குக் கேட்டார். "இது பட்டாளத்தாரு கோழி. விக்கறதுக்கில்ல. வேணும்னா வாரத்துக்கு வாங்கிக்கினு போ" என்றார் அத்தை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஊரில் உன் கோழிக்கு இப்போது அதுதான் பெயர். இன்னும் மூன்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து ஆறப்போட்டிருக்கிறோம். நம் பங்குக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் பல்பு போட்டுத்தான் வளர்த்தோம். இன்று பார்த்தால் எல்லாவற்றுக்கும் இறகு வந்துவிட்டது. ஒன்று பெட்டியிலிருந்து தாவி என் சரித்திரப் புத்தகத்தின் மேல் ஏறி நின்று இறக்கையை அடித்துக்கொண்டது. "இனிமே இதுங்களுக்கு சூடு வாணாம்" என்றாள் அம்மா. பெட்டியின் பல்புகளை அணைத்துவிட்டோம்.

உன் அன்புத் தங்கை,
புவனேஸ்வரி