வெள்ளம் குடிச்சியா?

ஏட்டி,

நேற்றுக் காலையில் பையை எடுத்து மொட்டைமாடியில் உதறிப் போட்டேன். ஏறக்குறைய ஒரு வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பை. ஜிப்பைத் திறந்ததும் மாங்காய்ப் பால் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. துணியெல்லாம் துவைத்துதான் வைத்திருந்தேன், ஆனாலும் போகவில்லை. அடியில் கையை விட்டபோது உன் தண்ணீர்ப் பாட்டில் தட்டுப்பட்டது. தண்ணீர்ப் பாட்டில் என்று எழுதுகிறேன், பார். நீ இருந்திருந்தால், "வெள்ளக் குப்பின்னு சொல்லுட்டி, டிவில நியூஸ் வாசிக்கியது மாதி பறையாத" என்றிருப்பாய்.

சரி, வெள்ளக் குப்பி. தக்கலைச் சந்தையில் பேரம் பேசி நீ வாங்கிய அதே பச்சைக் குப்பி.

நான் மறுபடியும் கிளம்புகிறேன். இன்று சாயங்காலம் விமானம். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் இங்கே இருப்புக் கொள்ளவில்லை, என்ன செய்ய? நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடப் போனேன். முதல் சம்பளம் வாங்கியதோடு நின்றுவிட்டேன். சாயங்காலமானால் இரணியல் ஸ்டேஷனுக்கு நடக்கிறேன். வருகிற வண்டி எங்கே போகிறது என்றுகூடப் பார்ப்பதில்லை. அது கிளம்பிப் போகிறவரை நின்றுவிட்டுத் திரும்புகிறேன். காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று என் அம்மா கேட்கிறாள். ஆமாம், நம் இரண்டு பேருக்கும்தான் கட்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் ஊரும் சுற்றலாம், வேலையும் செய்யலாம் என்கிற அந்த விசாவை நீதான் போனில் கண்டுபிடித்தாய். குலுக்கலில் இரண்டு பேர் பெயரும் விழுந்தது. அங்கே தோட்ட வேலை செய்த மாதங்களைக் காட்டித்தான் இப்போது எனக்கு இரண்டாம் வருட விசா கிடைத்திருக்கிறது. ஆண்களைக் கல்ஃபுக்கு விமானம் ஏற்றிவிட்டே பழகிய வீடு உன்னுடையது. இருந்தும் தேங்காய்ப்பட்டணத்தில் உன் அம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்த்தாள். "டிகிரி முடிச்சிட்டு அந்நிய நாட்டுல போயி மாங்கா பறிக்கணுமா? நம்ம வீட்டு மாவுல பறிச்சா ஆவாதா?" என்று முற்றத்து மாமரத்தைக் காட்டினாள். இங்கே பறித்தால் ஊர் பார்க்க முடியாதே என்று நீ சொன்னாய். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கிளம்புகிற அன்று, கிணற்று வெள்ளத்தைக் கோரி இந்தக் குப்பியை நிறைத்துக் கொடுத்தது அவள்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்தில், சோதனை வாசலில் அதைக் கொட்டச் சொன்னார்கள். நீ தோளைக் குலுக்கிவிட்டுக் கொட்டினாய்.

அப்புறம் எத்தனை ஊர், எத்தனை கூடாரம்! வேலை வாங்கித் தருகிறோம் என்று சொல்லிப் படுக்கை வாடகை மட்டும் வாங்கிய அந்த விடுதியை நினைத்தால் இன்னும் எனக்கு எரிகிறது. மழை நிற்கட்டும், பழம் பழுக்கட்டும் என்றே நாட்களை ஓட்டினார்கள். நீதான் பொறுமை இழந்து, விடியும்போதே பழம் அடைக்கிற கொட்டகை ஒவ்வொன்றின் வாசலிலும் போய் நின்று ஆள் வேண்டுமா என்று கேட்டாய். ஸ்ட்ராபெரி கிடைத்தது. முடிந்ததும் பூசணி, அதன்பின் வடக்கே மாந்தோப்பு. பூங்காக்களில் இலவசமாக வைத்திருக்கும் மின்சார அடுப்பில் கஞ்சியும் பயறும் வைத்தோம். வெள்ளைக்காரர்கள் இறைச்சி சுட வரிசையில் நிற்பார்கள். நீ கஞ்சியை நிதானமாகக் கிண்டிக்கொண்டிருப்பாய். ஒரு சீனர் கடையில் உறைந்துபோன மரவள்ளிக் கிழங்கை, நம் ஊர் மரச்சீனியைப் பார்த்தபோது உனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் கறி இல்லாமல் மரச்சீனியா என்று அடுத்த நிமிடமே அதைத் திட்டினாய்.

எந்த ஊரிலும் நீ ஒழுங்காகத் தங்கியதில்லை. கை வேலைக்குப் பழகி, கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்போது, "போவமா?" என்பாய். நானும் பையைக் கட்டிவிடுவேன். மாம்பழம் முடிந்ததும் தெற்கே டாஸ்மேனியாவுக்குப் போய்ச் செர்ரி பறிக்க வேண்டும், குளிரில் வாயிலிருந்து புகை வர வேண்டும் என்பது உன் ஆசை.

அந்த மாந்தோப்பில்தான் நம் ஊர் வார்த்தை நம் மானத்தை வாங்கியது. வரிசை வரிசையாக மரங்கள், தலைக்கு மேல் வெயில். தண்ணீர் டாங்கை இழுத்துக்கொண்டு டிராக்டர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு நீ கத்தினாய்: "ஏட்டி, வெள்ளம் வருது! எல்லாரும் வாங்க!" நம்மோடு பறித்துக்கொண்டிருந்த ஈரோட்டுக்காரர் பறித்த மாங்காயைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற டிரெய்லரின்மேல் பாய்ந்து ஏறிவிட்டார். மேலே நின்றபடி, எந்தப் பக்கமிருந்துங்க வெள்ளம் வருது என்று மரியாதையாக வேறு கேட்டார். நமக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்று அவருக்கு விளக்குவதற்குள் நீ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அன்றிலிருந்து அவரும் நம்மைக் கண்டால், வெள்ளம் குடிச்சீங்களா என்றுதான் கேட்பார்.

அது உன் கேள்வி. மணிக்கொரு தடவை அடுத்த வரிசையிலிருந்து உன் குரல் வரும்: "வெள்ளம் குடிச்சியா?" குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும். கக்கூஸ் தோப்பின் அந்தக் கோடியில், நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கூண்டு. போய்த் திரும்புவதற்குள் மற்றவர்கள் ஒரு பெட்டி நிறைத்துவிடுவார்கள். தாழ்ப்பாளும் சரியில்லை. எனக்கு அவசரமென்றால் நீ கூட வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உனக்கு ஒரு நாளும் அவசரமே வந்ததில்லை. நீ குடிச்சியா என்று நானும் கேட்பேன். "இப்பத்தான் குடிச்சேன்" என்பாய்.

பொய். எல்லாம் பொய், ஏட்டி. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துதான் அது எனக்கு உறைத்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. மரத்துக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உடம்பு கொதித்தது, ஆனால் வேர்வையே இல்லை. என்னைப் பார்த்து ஏதோ பேசினாய், உன் தம்பியிடம் பேசுவது போல. ஈரோட்டுக்காரர் ஆள் கூப்பிட ஓடினார். வரிசை முனையில் உன் குப்பி இருந்தது. தூக்கியபோதே தெரிந்துவிட்டது. காலையில் நிறைத்தது அப்படியே நிறைந்து இருந்தது. உள்ளங்கையில் ஊற்றி உன் உதட்டில் வைத்தேன். ஒரு வாய் இறக்கினாய். அப்புறம் கண் சொருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவே இல்லை.

உன்னை ஊருக்குக் கொண்டுவந்தபோது நானும் கூட வந்தேன். மாதா கோயிலுக்கு எடுப்பதற்கு முன்னால் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எனக்க பிள்ள வெள்ளம் குடிச்சாளா?"

எனக்கு அந்தக் குப்பிதான் கண்ணில் வந்தது. குடிக்கவில்லை என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்ல முடியும்? கையை உருவிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே என்னால் போக முடியவில்லை. இத்தனை மாதம் நான் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் அலைந்தது அந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

நேற்று குப்பியைக் கையில் எடுத்தபின் இதை முடிக்காமல் கிளம்ப முடியாது என்று தோன்றியது. பஸ் ஏறிவிட்டேன். உச்சி வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது உன் அம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைவிட அந்தக் குப்பியைத்தான் அதிக நேரம் பார்த்தாள். நான் உட்காரக்கூட இல்லை. அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குப்பி நிறைந்திருந்ததையும் சொன்னேன், கக்கூஸ் தூரத்தையும் சொன்னேன்.

"அப்போ நீ ஊத்தினத அவ இறக்கினாளா?" என்றாள்.

"இறக்கினா அம்மா. எனக்க கையிலேருந்து ஒரு வாய்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் அம்மா கேட்டது கடைசி வெள்ளத்தை. உயிர் போகிற வாயில் நம் மனுஷர் யாராவது ஒரு வாய் ஊற்றினார்களா, அது தொண்டையில் இறங்கியதா என்பதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அன்றே இருந்தது.

குப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு ஈரக் காலோடு படியில் உட்கார்ந்து சொன்னாள்: "மீன் விக்கப் போற பொம்பளைக ஆரும் வீடு வாறது வரைக்கும் வெள்ளம் குடிக்க மாட்டோம். போற வழியில எங்க ஒதுங்குவோம்? சின்னதுல அவளையும் கூட்டிட்டுப் போவேன். குடிக்காத மக்களே, வீட்டுல வந்து குடிக்கலாம்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நாட்களில் வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக உன்னிடம் என்ன கேட்பாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அடுத்த நொடி என் முகத்தைப் பார்த்து அதையே கேட்டாள்.

"நீ வெள்ளம் குடிச்சியா?"

நான் குடித்திருக்கவில்லை, ஏட்டி. இரணியலில் பஸ் ஏறியதிலிருந்து ஒரு சொட்டு இல்லை. வழியில் எங்கே ஒதுங்குவது என்று, யோசிக்காமலே நானும் அப்படித்தான் வந்திருக்கிறேன். அவள் செம்பில் கொண்டுவந்து தந்தாள். குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நின்றாள். பிறகு கிணற்றில் கோரி, உன் குப்பியைக் கழுத்துவரை நிறைத்து என் கையில் கொடுத்தாள்.

அது இப்போது மேஜைமேல் நிற்கிறது. பக்கத்தில் பை கட்டித் தயாராக இருக்கிறது. நான் டாஸ்மேனியாவுக்குப் போகிறேன், உன் செர்ரிக்கு. அங்கேயும் கக்கூஸ் தோப்பின் அந்தக் கோடியில்தான் இருக்கும். பக்கத்து வரிசையில் எந்த ஊர்ப் பெண் நிற்பாளோ, அவளிடம் நான் கேட்பேன். குடித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டேன். குப்பியைத் தூக்கிப் பார்ப்பேன்.

சாயங்காலம் அதே விமான நிலையம், அதே சோதனை வாசல். கொட்டச் சொல்வார்கள். நான் கொட்ட மாட்டேன். வரிசையை விட்டு விலகி நின்று, குப்பியின் அடி தெரிகிறவரை உன் வீட்டு வெள்ளத்தைக் குடிப்பேன். குடித்துவிட்டு, கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்பேன்.